'மின்கசிவு'ன்னு எழுதிட்டா முடிஞ்சதா? சாம்பலைப் படிக்கத் தெரிஞ்சவங்க நமக்கு ஏன் வேணும்?

'மின்கசிவு காரணமாகத் தீ விபத்து ஏற்பட்டதாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' இந்த வரியை இதுவரைக்கும் எத்தனை முறை படிச்சிருப்பீங்க? குடிசையில் தீ, ஜவுளிக்கடையில் தீ, குடோனில் தீ... ஊர் மாறும், தேதி மாறும். இந்த ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. சரி, அந்த 'முதற்கட்ட' விசாரணைக்கு அப்புறம் இரண்டாம் கட்டத்தில் என்ன தெரியவந்ததுன்னு எப்போதாவது படிச்ச ஞாபகம் இருக்கா?

முதல்ல அந்தச் சொல்லையே பார்ப்போம். மின்கசிவு என்றால், போகக்கூடாத வழியில் மின்சாரம் கசிந்து போவது. ஷார்ட் சர்க்யூட் வேறு. அங்கே இரண்டு கம்பிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. பிளக் பாயின்ட்டில் கம்பி தளர்ந்து சூடாவது இன்னொன்று. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் என எல்லாவற்றையும் மாட்டி வயரைத் தாங்கமுடியாத அளவுக்குச் சூடாக்குவது மற்றொன்று. நான்குக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழி வேறு, பொறுப்பாளியும் வேறு. ஆனா நம்ம ஊர்ல நாலுக்கும் ஒரே பேர்தான்: மின்கசிவு. சில நேரங்களில், மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத தீக்கும்கூட!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தீயணைப்பு வீரரின் முதல் வேலை உயிரைக் காப்பதும் தீயை அணைப்பதும்தான். போலீஸுக்கு அன்றைக்கே பத்து கேஸ் இருக்கும். 'தீ எங்கே ஆரம்பித்தது, எதனால் ஆரம்பித்தது, ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது?' என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுவது ஒரு தனித் தொழில். உலகின் பல நாடுகளில் அதற்கென பயிற்சி, தேர்வு, சான்றிதழ், சங்கம் எல்லாமே இருக்கின்றன. அந்தத் தொழில் நமக்கு ஏன் அவசரமாகத் தேவை என்று புரிந்துகொள்ள, தீயே இல்லாத ஒரு துயரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

கருணாபுரத்தில் பதில் எங்கிருந்து வந்தது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த பகுதி. கள்ளச்சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் மரணங்கள் நடந்தபோது, 'காரணம் கள்ளச்சாராயம் இல்லை' என்றுதான் மாவட்ட நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டது. வயிற்றுப்போக்கு, வலிப்பு என்று வேறு வேறு காரணங்கள் பேசப்பட்டன. அடுத்தடுத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தை முடித்துவைத்தது ஒரு பரிசோதனை. கைப்பற்றப்பட்ட சுமார் 200 லிட்டர் சாராயத்தின் மாதிரி விழுப்புரம் மண்டல தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது. மெத்தனால் கலந்திருக்கிறது என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகு யாராலும் வேறு காரணம் சொல்ல முடியவில்லை. கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி சஸ்பெண்ட் செய்யப்பட்டார், ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ-க்கு மாற்றியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாராயத்தைக் கொளுத்திப் பார்த்து, நீலமாக எரிந்தால் 'நல்ல சரக்கு' என்று நம்புவது ரொம்பப் பழைய பழக்கம். ஆனால், மெத்தனாலும் வெளிர்நீலமாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அனுபவசாலி கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அங்கே தோற்றுப்போகும். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி தோற்காது; கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிடும்.

எரிந்த வீட்டின் சாம்பலில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவுவதும் இதே வகைக் கருவிதான். ஆக, தீயின் காரணத்தைத் தேட நம்மிடம் ஆய்வகமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனை ஆய்வகம் 1849-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். அப்புறம் என்ன குறை? சாம்பலிலிருந்து சரியான பிடியை, சரியான இடத்தில், சரியான முறையில் எடுத்து அந்த ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டிய ஆள்தான் குறை.

53 பேரில் 3 பேர்

'இதுக்கு எதுக்குங்க தனியா ஒரு ஆள்? இருபது வருஷ சர்வீஸ் இருக்கிறவர் பார்த்தாலே சொல்லிடுவாரே' என்று நீங்க கேட்கலாம். இந்தக் கணக்கைக் கேளுங்க.

2005-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஒரு அறைக்குத் தீ வைத்தார்கள். அறை முழுவதும் தீப்பற்றிய பிறகு, சுமார் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார்கள். பிறகு, 53 தீ புலனாய்வாளர்களை உள்ளே அனுப்பி, 'அறையை நான்கு பாகமாகப் பிரித்தால், தீ எந்தப் பாகத்தில் ஆரம்பித்தது?' என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். இரண்டாவதாக இன்னோர் அறையிலும் இதையே செய்தார்கள். அங்கேயும் 3 பேர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மூலையைக் கைகாட்டியிருந்தால்கூட 13 பேருக்குச் சரியாக வந்திருக்கும்!

ஏன் இப்படி? அறைக்குள் தீ எரியும்போது சூடான புகை கூரைக்குக் கீழே அடுக்காகத் தேங்கும். அதன் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அறையில் இருக்கும் பாய், துணி, மரச்சாமான் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதற்கு 'ஃபிளாஷ்ஓவர்' என்று பெயர். அதற்குப் பிறகு, தீ ஆரம்பித்த இடத்தைவிட காற்று அதிகம் கிடைக்கும் கதவு, ஜன்னல் பக்கத்தில்தான் தீ உக்கிரமாக எரியும். பார்ப்பவருக்கு, 'அங்கேதான் ஆரம்பிச்சிருக்கு' என்று தோன்றும். தரையில் திட்டுத்திட்டாகக் கருகியிருந்தால், 'பெட்ரோல் ஊத்தியிருக்காங்க' என்று தோன்றும். இரண்டுமே தப்பாக இருக்கலாம். நம்ம ஊர் கீற்றுக் கொட்டகையை யோசித்துப் பாருங்க. எரியும் கீற்று கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தாலும் அதே மாதிரி திட்டுகள் விழலாம்.

வயரும் இப்படித்தான் ஏமாற்றும். எரிந்த வீட்டில் உருகி, நுனியில் சின்ன மணி போலத் திரண்ட செம்புக் கம்பியைக் காட்டி, 'இதோ பாருங்க, ஷார்ட் சர்க்யூட்' என்பார்கள். தீ பரவி வந்து வயரின் மேல்தோலை எரித்தாலும் கம்பிகள் தொட்டுக்கொண்டு அதே மணி உருவாகும். தீ அந்த வயரை அடைந்தபோது அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்கிறது. தீக்குக் காரணமே அந்த வயர்தான் என்று சொல்ல, அது மட்டும் போதாது.

தப்பை ஒப்புக்கொண்ட சங்கம்

தீ வைப்பு வழக்குகளைப் புலனாய்வு செய்பவர்களுக்கென 1949-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது 'இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ஆர்சன் இன்வெஸ்டிகேட்டர்ஸ்' என்ற சங்கம். தீயணைப்புத் துறையினர், போலீஸார், இன்ஷூரன்ஸ் புலனாய்வாளர்கள், இன்ஜினீயர்கள் எல்லோரும் இதில் உறுப்பினர்கள். அனுபவமும் படிப்பும் இருந்தால் தேர்வு எழுதி, 'சான்றளிக்கப்பட்ட தீ புலனாய்வாளர்' ஆகலாம். அந்தச் சான்றிதழும் நிரந்தரம் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து படித்துவருவதைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், இவர்களுடைய கதை வெறும் பெருமைக் கதை இல்லை. பல ஆண்டுகளாக இந்தத் தொழில் குருகுலம் போலத்தான் நடந்தது. மூத்தவர் சொன்னதை இளையவர் நம்பினார். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால், யாரோ எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம்! 1991-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்தபோது, நிபுணர்கள் 50 வீடுகளை ஆராய்ந்தார்கள். யாரும் எதையும் ஊற்றாத அந்த வீடுகளில், 12-ல் அதே விரிசல் இருந்தது. சூடான கண்ணாடி மேல் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் அந்த விரிசல் வரும் என்பது பிறகு சோதனையில் உறுதியானது. அதாவது, தீயை அணைத்ததற்கான அடையாளத்தை, தீ வைத்ததற்கான அடையாளமாகப் படித்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி 'அனுபவ அறிவு'க்கு ஒரு மனிதரின் உயிரே போனது. 1991 டிசம்பர் 23 அன்று டெக்சாஸின் கோர்சிகானா நகரில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தப்பித்த அப்பா கேமரூன் டாட் வில்லிங்ஹாம்தான் தீ வைத்தார் என்று புலனாய்வாளர்கள் சாட்சி சொன்னார்கள். ஆதாரம்? தரைத் திட்டுகள், கண்ணாடி விரிசல் போன்றவை. 'இந்த ஆதாரங்கள் அறிவியல்படி செல்லாது' என்று வேதியியல் நிபுணர் ஜெரால்ட் ஹர்ஸ்ட் எழுதிய அறிக்கை கடைசி நேரத்தில் ஆளுநர் அலுவலகத்துக்குப் போனது. பலன் இல்லை. 2004 பிப்ரவரி 17 அன்று வில்லிங்ஹாமுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பின்னர் அந்த வழக்கை ஆராய்ந்த பல தீ விஞ்ஞானிகளும், தீ வைக்கப்பட்டது என்பதற்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்றார்கள்.

இதற்கு நடுவே, 1992-ல் 'என்.எஃப்.பி.ஏ 921' என்ற வழிகாட்டி நூல் வெளியானது. தீ புலனாய்வும் அறிவியல் முறைப்படி நடக்க வேண்டும்; ஒரு ஊகத்தை முன்வைத்தால், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாம் பேசிக்கொண்டிருக்கும் சங்கம் இதை உடனே கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளவில்லை. 1997-ல் ஒரு வழக்கில், அறிவியல் சாட்சிகளுக்கான கடுமையான அளவுகோலைத் தங்கள் துறைக்குப் பொருத்தக்கூடாது என்று நீதிமன்றத்தில் வாதாடவே செய்தது. மூன்றே ஆண்டுகளில், 2000-ல், அதே சங்கம் அந்த வழிகாட்டியை ஏற்றது.

ஒரு தொழில்முறைச் சங்கத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. தனி மனிதர் தப்பு செய்தால் அது அவரோடு போய்விடும். அல்லது அவரிடம் கற்றவர்கள் அதையே திரும்பச் செய்வார்கள். சங்கம் என்று ஒன்று இருந்தால் தப்பு பதிவாகும், விவாதமாகும், பாடத்திட்டத்தில் திருத்தமாகும். தாமதமாகத்தான் நடந்தது. ஆனாலும் நடந்தது.

அந்த வழிகாட்டி சொல்லும் இன்னொரு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். 'வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, அதனால் யாரோ தீ வைத்திருக்கிறார்கள்' என்று முடிவுகட்டுவதை 2011 பதிப்பு நிராகரித்தது. ஆதாரம் இல்லாவிட்டால், 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை என்றது. நம்ம ஊர்ல இதே தப்பு தலைகீழா நடக்குது: வேற எதுவும் தெரியலை, அதனால மின்கசிவு!

அதே 2004-ல் நம்ம ஊரில்...

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீ. மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர்.

இந்த மூன்றையும் நாம் ஏன் இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறோம்? எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை. 'எப்படிப் பற்றியது?' என்பதைத் தாண்டி, 'ஏன் இத்தனை பேர் இறந்தார்கள்?' என்று நாடே கேட்டது. ஸ்ரீரங்கத்தில் கீற்றுப் பந்தல். கும்பகோணத்தில் சமையலறைத் தீ, கீற்றுக்கூரை, தப்பிக்க வழியில்லாத நெரிசல். ஏர்வாடியில் சங்கிலி. பதில் கிடைத்ததால்தான் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரை போனது; 2009-ல் பள்ளிகளின் தீப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டது. காரணம் சரியாகத் தெரிந்தால், அடுத்த தீயைத் தடுக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்க 94 குழந்தைகள் சாகவேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் ஒரு கூரை வீடு எரிந்தால் யார் கேட்பார்கள்?

குடோனுக்கு ஆள் உண்டு... குடிசைக்கு?

இன்ஷூரன்ஸ் செய்த குடோன் எரிந்தால், உரிமம் பெற்ற சர்வேயர் வருவார். சந்தேகம் இருந்தால், கம்பெனி தனியாகப் புலனாய்வாளரையும் அனுப்பும். அவர் வருவது உரிமையாளருக்கு உதவவா, கம்பெனியின் பணத்தைக் காப்பாற்றவா என்பது வேறு விவாதம். ஆனால், சாம்பலைக் கிளறிப் பார்க்க ஒருவர் வருகிறார். குடிசை எரிந்தால் வி.ஏ.ஓ வருவார், ஆர்.ஐ வருவார், சேத மதிப்பு எழுதப்படும், நிவாரணம் கிடைக்கும். 'தீ எப்படி வந்தது?' என்று கேட்க மட்டும் ஆள் வராது.

இதனால் நஷ்டம் இரண்டு பக்கமும். சாதி மோதலிலோ நிலத் தகராறிலோ யாராவது நிஜமாகவே தீ வைத்திருந்தால், 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லில் அவர் தப்பித்துவிடுவார். மறுபுறம், அது உண்மையிலேயே விபத்தாக இருந்தால், ஏற்கெனவே பகையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி விழும். அதை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். ஒரு வதந்தியிலிருந்து எவ்வளவு பெரிய கலவரம் கிளம்பும் என்பதைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் பார்த்துவிட்டது. 2022 ஜூலை 17 அன்று கனியாமூரில் பள்ளிப் பேருந்துகள் எரிந்ததை நாம் எல்லோருமே போனில்தான் பார்த்தோம்.

சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. கருணாபுரம் துயரத்துக்கு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. அவற்றில் பி.என்.எஸ்.எஸ் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றம் நடந்தால் தடய அறிவியல் நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம். வீட்டுக்குத் தீ வைத்தால் பி.என்.எஸ் 326-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. அப்படியென்றால், தீ வைப்பு வழக்குகளில் நிபுணர் வந்தே ஆக வேண்டும், இல்லையா?

இங்கேதான் ஒரு சிக்கல். அது குற்றம் என்று பதிவானால்தான் நிபுணர் கட்டாயம். 'விபத்து' என்று எழுதிவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. விபத்தா, குற்றமா என்பதை முடிவு செய்யத்தான் நிபுணரே தேவை. ஆனால், நிபுணர் வருவதற்கு முன்பே யாரோ அதை முடிவு செய்துவிடுகிறார்கள். புது சட்டத்திலும் 'மின்கசிவு' என்ற பழைய வரிக்கு இன்னும் இடம் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய வானத்தை வில்லாக வளைக்க வேண்டாம். உயிர்ச்சேதம் ஏற்பட்ட ஒவ்வொரு தீயிலும், குற்றம், விபத்து என்று எழுதுவதற்கு முன்பே பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவரலாம். தீயணைப்புத் துறை, போலீஸ், தடய அறிவியல் துறை மூன்றிலிருந்தும் மாவட்டத்துக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, சேர்த்து உட்கார வைத்துப் பயிற்சி தரலாம். தேசிய தீயணைப்புக் கல்லூரி நாக்பூரில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, முடிந்த வழக்குகளை எடுத்து, 'எங்கே சரியாகச் செய்தோம், எங்கே தப்பினோம்?' என்று பேச வேண்டும். அப்புறம், விசாரணைப் படிவத்தில் 'காரணம் தீர்மானிக்க முடியவில்லை' என்ற பதிலுக்கும் மரியாதை வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான், தெரிந்துகொள்ள அடுத்த முயற்சி நடக்கும்.

உங்க வீட்டிலோ தெருவிலோ தீப்பிடித்தால்...

இது யாருக்கும் நடக்க வேண்டாம். ஆனா நடந்துட்டா, கையில இருக்கிற போனே பெரிய உதவி.

* முதலில் உயிர். வெளியே வாங்க, 101 அல்லது 112-க்கு அழைங்க. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

* பாதுகாப்பான தூரத்தில் இருந்தால், முதல் சில நிமிடங்களை வீடியோ எடுங்க. தீ முதலில் எந்தப் பக்கம் தெரிந்தது, காற்று எந்தத் திசை என்பதெல்லாம் பிறகு எந்த நிபுணராலும் திரும்பப் பார்க்க முடியாதவை. ஆனா, 'கறுப்புப் புகை வந்துச்சு, அப்ப பெட்ரோல்தான்' என்று முடிவு கட்டாதீங்க. பிளாஸ்டிக்கும் ஃபோமும் எரிந்தாலும் கறுப்புப் புகைதான்.

* ஒரிஜினல் வீடியோவை டெலீட் பண்ணாதீங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பியில் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும்.

* பக்கத்துக் கடை சி.சி.டி.வி பதிவை அன்றைக்கே கேட்டு வைங்க. சில நாள்களில் தானாகவே அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும்.

* தீ அணைந்ததும் சாம்பலைக் கூட்டி வெளியே கொட்டிவிடாதீங்க. துக்கத்தில் சுத்தம் செய்யத்தான் தோன்றும். ஆனா, விசாரணைக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சாம்பல்தான். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினையும் போடாதீங்க.

* யாராவது எரிபொருள் ஊற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், புகாரில் எழுத்துபூர்வமாகச் சொல்லி, மாதிரி எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்க. நீங்களே அள்ளி எடுத்துவைக்க வேண்டாம். காற்றுப் புகாத உலோக டப்பா அல்லது கண்ணாடி ஜாடியில்தான் அதை எடுக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் பையில் பெட்ரோல் ஆவி தங்காது.

* புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர் ரசீது, எஃப்.ஐ.ஆர் போட்டால் அதன் நகல், தீயணைப்புத் துறையின் அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்க. அதில் 'மின்கசிவு' என்று இருந்தால், 'எந்த இடத்தில், எந்த வயரில், யார் பரிசோதித்தது?' என்று கேளுங்க. கேட்பது உங்க உரிமை.

* விசாரணை முடியும் வரை, 'இவங்கதான் கொளுத்தினாங்க' என்று யார் பெயரையும் ஸ்டேட்டஸில் போடாதீங்க.

கருணாபுரத்தில் ஒரு மாதிரி ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் வதந்தி நின்று, விசாரணை ஆரம்பித்தது. போன உயிர்களை அது திருப்பித் தரவில்லை. ஆனால், 'எங்க வீட்டுக்காரர் எதனால செத்தார்?' என்று கேட்ட பெண்களுக்கு ஒரு பதிலைத் தந்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் அவர்களால் நியாயம் கேட்க முடிகிறது. எரிந்துபோன கூரைக்கு முன்னால் நிற்கும் குடும்பத்துக்கும் அதே உரிமை உண்டு. நாளைக்கு உங்க போனில் 'மின்கசிவு காரணமாக...' என்று ஒரு செய்தி வந்தால், ஸ்க்ரோல் பண்ணுவதற்கு முன் கமென்ட்டில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு வைங்க: 'அதைப் பரிசோதிச்சது யாரு?'